பெயர் சொல்லப் போன வாயில் கொப்புளம்

பேத்திக்குப் பெயர் சூட்டும் விழா நெருங்கியபோது என் கீழுதட்டோரத்தில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு குறுகுறுப்பு. முந்தின நாள் முழுக்க சுங்கை பஞ்சாங் வாய்க்கால் கரையில், தொப்பி இல்லாமல், தூண்டில் போட்டிருந்தேன். வெயில் எரிச்சல் என்று விட்டுவிட்டேன். மறுநாள் கண்ணாடியைப் பார்த்தால் ஜவ்வரிசியை ஒட்டிவைத்ததுபோல் கொத்தாகக் கொப்புளங்கள்.

எங்கள் வீட்டு வழக்கப்படி குழந்தையின் காதில் முதலில் பெயரை ஓதுவது தாய்வழித் தாத்தா. அதாவது நான். வாழ்க்கையில் எனக்குத் தானாகக் கிடைத்த ஒரே பதவி.

கைப்பேசியில் தேடினேன். 'ஹெர்பீஸ்' என்று வந்தது, தகாத உறவில் ஒட்டும் நோய் என்று நான் கேள்விப்பட்ட பெயர். நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனால் செய்தவனைவிட அதிகமாக வியர்த்தது. கைப்பேசியைச் சட்டைப்பையில் ஒளித்துவிட்டுத் திரும்பினால் மனைவி நிற்கிறாள்.

"வாயில என்ன? யாருக்கு முத்தம் கொடுத்தீங்க?"

"மீனுக்குக்கூட கொடுக்கல லா!"

"காட்டுங்க... அட, அக்கி! இதுக்கா இந்த முழி?"

அவளுடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் எல்லாருக்கும் அக்கி எழுதியவர். காவியைக் குழைத்து என் கன்னத்தில் சிங்கம் வரைந்தாள். சிங்கத்தைக் கண்டால் அக்கி ஓடிவிடுமாம். வந்தது என்னவோ பசித்த பூனை. கொப்புளம் ஓடவில்லை, உடைந்து நீர் கசிந்தது. பூனையோடேயே கோல சிலாங்கூர் கிளினிக்குக்கு ஓடினேன். மனைவியும் வந்தாள், விசாரணை அதிகாரியாக.

டாக்டரம்மா சின்னப் பெண். பூனையைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை மாஸ்க்குக்குள் அடக்கினார்.

"அங்கிள், இது வைரஸ். அநேகமா சின்ன வயசுல யாராவது கொஞ்சினப்பவே ஒட்டியிருக்கும். நரம்புக்குள்ள தூங்கும். வெயில், காய்ச்சல், கவலைன்னா எழுந்து வரும்."

"அப்ப இவர் மேல தப்பில்லையா?" மனைவியின் குரலில் லேசான ஏமாற்றம்.

"இல்ல ஆண்டி. குறுகுறுத்த உடனே களிம்பு போட்டிருந்தா நல்லா கேட்டிருக்கும். இனி பொருக்குத் தட்டி ஆற ஒன்னு ரெண்டு வாரம் ஆகும். பிய்க்காதீங்க. தொட்டா கை கழுவுங்க. கப்பு, துண்டு தனியா வெச்சுக்குங்க. வீட்ல பச்சைக் குழந்தை இருக்கா?"

பேத்தியைப் பற்றிச் சொன்னேன். அவர் கண்ணில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"பிறந்த குழந்தைக்கு ஒட்டினா மூளை வரைக்கும் போகலாம். உயிருக்கே ஆபத்து. முழுசா ஆறுற வரைக்கும் முத்தம் கூடாது. முகத்துக்குப் பக்கத்துலயே போகாதீங்க."

அதுவரை நான் பட்டது பயமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

பத்தாங் காலியில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, வேறு யாரையாவது ஓதச் சொல் என்றேன்.

"முடியாதுப்பா. நீங்கதான் சொல்லணும். ஆனா கேட்டைத் தாண்டி உள்ள வரக்கூடாது!"

விழா நாளில் மாஸ்க் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வெளியே, சாக்கடை ஓரமாக நின்றேன். உள்ளே மகள் கைப்பேசியைக் குழந்தையின் காதருகே பிடித்தாள்.

பழக்கதோஷத்தில், "ஹலோ" என்றேன்.

"பேத்திகிட்ட ஹலோ சொல்றாரு பாரு!" வாசலில் விருந்துக்குப் போட்டிருந்த கூடாரமே சிரித்தது.

பெயரை மெல்ல ஓதினேன்.

"அப்பா, கேக்கல!"

கொஞ்சம் உயர்த்தினேன்.

"லைன் விட்டு விட்டு வருது!"

மூன்றாம் முறை கத்தினேன். ரகசியமாக ஓத வேண்டிய பெயர் தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டுச் சீனப் பெண்மணி வெளியே வந்து அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பேத்தி மட்டும் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாளாம்.