தேய்ந்த முகம்

மூக்கண்டப்பள்ளியில் தொழிலாளர் குடியிருப்புக்கு நடுவே ஒரு சிற்றாலயம். இரண்டாம் உலகப் போரின்போது பெங்களூரு முகாமில் அடைபட்டிருந்த இத்தாலியப் போர்க்கைதிகள் செய்த சுரூபங்களைத் தேடி, எட்டு மாத மகளோடு வந்திருக்கிறேன். அவளுக்கு நேற்றுதான் காய்ச்சல் விட்டது. வந்திருக்கக் கூடாதோ?

ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டெல்லா அக்கா துணியை விலக்கிக் குழந்தை இயேசுவைக் காட்டுகிறார். கைதி ஒருவர் பெட்டிப் பலகையில் செதுக்கியது. கைவிரல்களில் நகம்கூட இருக்கிறது. முகம் மட்டும் வழவழவென்று வெறுமையாக இருக்கிறது.

"ஊர்ல பொறந்த தன் பிள்ளை முகத்த அவரு பார்த்ததே இல்ல போலக்கா," என்கிறேன்.

அக்கா சிரிக்கிறார். "நீங்க ஒண்ணு! கண்ணு மூக்கெல்லாம் நல்லாத்தான் செஞ்சிருந்தாராம். கொழந்தைங்கள முத்தம் குடுக்க வெச்சு வெச்சே எங்க ஜனம் தேச்சிருச்சு. எங்க, பாப்பாவக் குடுங்க."

மகளை என்னோடு இறுக்கிக்கொள்கிறேன். இத்தனை வருடங்களில் எத்தனை சின்ன வாய்கள்! எத்தனை சளி!

"இவளுக்குக் காய்ச்சலா இருந்துச்சுக்கா..."

"அதுக்குத்தான எல்லாரும் தூக்கிட்டு வர்றாங்க?"

நானே குனிந்து அந்த முகத்தில் முத்தமிடுகிறேன். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, மகளை மடியில் கிடத்தி, அவள் வாய்க்கு எட்டாத தூரமென்று உள்ளங்காலில் என் உதட்டை ஒற்றுகிறேன்.

அவள் காலைத் தூக்கி வாயில் வைத்துக்கொள்கிறாள்.