ஏற்காடு ஏறிய கார்

அன்று எங்கள் கார் கொட்டகையில் அண்ணனும் நானும், பீங்கான் ஆலையில் சூளைக்குக் காற்றடிக்கும் மிஷின்களைக் கவனிக்கும் ஃபிட்டரும் இருந்தோம். அண்ணி வரவில்லை. "இஞ்சினு வெடிக்கிறத நான் வேற வந்து பாக்கணுமா?" என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்.

பீங்கான் பொம்மைகளை ஏற்றினால் எங்கள் பழைய பெட்ரோல் கார் ஏற்காடு மலையில் பாதியிலேயே நின்றுவிடும். இனியும் தாமதித்தால் சரக்கே வேண்டாம் என்று அங்கிருந்த கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் பூட்ட நினைத்தோம். சென்னையிலிருந்து பெரிதும் சிறிதுமாகப் பழையதில் இரண்டை வரவழைத்திருந்தோம், வேண்டாததைத் திருப்பிவிடலாம்.

"பெருசுதான் எடுப்பா இருக்குது" என்றார் அண்ணன்.

"கல்யாண ஊர்வலமா போப்போறீங்க?" என்றார் ஃபிட்டர். "காத்து கூடிட்டா சூளையிலயே சாமான் வெடிக்குதுங்க. இந்த இஞ்சினுக்குச் சின்னதே ஜாஸ்தி."

ஒல்லியான மனிதர், புருவத்தில்கூட வெள்ளைக் களிமண் தூசி. சின்னதைப் பூட்டி, இஞ்சினை ஓடவிட்டு, குழாய் இணைப்புகளில் களிமண் கரைசலைப் பூசினார். காற்று கசியும் இடத்தில் குமிழி வரும். ஆலைப் பழக்கம். நான்கு குமிழிகள் வந்தன, நான்கையும் அடைத்தார்.

கூலி கேட்டோம். "மல மேல போயி வாங்கிக்கறேங்க" என்றார்.

மறுநாள் பொம்மைகளோடு, மூவரும் முன்சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு கிளம்பினோம். வழக்கமாக நிற்கும் வளைவைக் கார் மூச்சுவாங்காமல் தாண்டியது. "ஏறுதுடா!" என்று அண்ணன் கத்தினார். ஃபிட்டரோ கண்ணை மூடி இஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். உச்சியில் இறங்கித்தான் சிரித்தார், கூலிக்குக் கையையும் நீட்டினார். ஏறாமல் போயிருந்தால் என்ன செய்திருப்பார் என்று இன்றும் யோசிக்கிறேன்.

சூப்பர்சார்ஜருக்கும் குழாய்களுக்கும் பதினாறாயிரம், அவருக்கு ஆயிரம். ஆக மொத்தச் செலவு பதினேழாயிரம் ரூபாய்.