வக்கீலின் ஜாடி

சிகாகோவில் மதுவிலக்கு அமலில் இருந்த காலம். கீழே மெதடிஸ்ட் ஆலயம், அதன் தலைக்கு மேல் அடுக்கடுக்காக வாடகை அலுவலகங்கள், உச்சியில் சிலுவை. அந்தக் கட்டடத்தில் ஹல்டா பெர்க்ஸ்ட்ராம் வாரத்தில் ஆறு நாள் லிஃப்ட் ஓட்டினாள். அது வயிற்றுப்பாட்டுக்கு. திருவிருந்து ஞாயிறுகளில், சபையார் ஆளுக்கொரு வாய் பருகும் குட்டிக் கிண்ணங்களில் திராட்சைச் சாறு நிரப்பினாள். அதுதான் அவளுக்குப் பெருமை. மெதடிஸ்டுகள் பீடத்தில்கூட ஒயினைத் தொடமாட்டார்கள்.

அந்த ஞாயிறு, பாட்டு தொடங்கிய நேரம், ஐந்தாம் மாடி வக்கீல் ஸ்லோகம் ஒரு ஜாடியோடு சமையலறைக்குள் ஓடிவந்தார்.

"ஹல்டாம்மா, நேத்து என் கட்சிக்காரன் உங்ககிட்ட ஒரு ஜாடி குடுத்தானே?"

"உங்க ரூம்ல வெச்சேனே சார்."

"நீங்க வெச்சது இது. வாயில ஊத்திப் பாத்தேன், வெறும் சாறு."

ஹல்டா ஜாடியை வாங்கிப் பார்த்தாள். ஆலயத்துச் சாறு ஜாடி; கட்சிக்காரன் கொடுத்ததும் அச்சு அசல் இதே மாதிரிதான். "அப்ப நான் கிண்ணத்துல ஊத்தினது?"

"ஒயின். அதுலயும் ஒசத்தியானது."

அவளோ பிறந்ததிலிருந்து ஒயினை முகர்ந்ததில்லை. கூட இருந்து நிரப்பிய பிராட் அம்மாள் மதுவிலக்குச் சங்கத் தலைவி, அவளும் முகர்ந்ததில்லை. 'இந்தத் தடவை என்ன வாசனை!' என்று இருவரும் பூரித்துப் போயிருந்தார்கள். கிண்ணங்கள் அடுக்கிய தட்டுகள் வெள்ளைத் துணிக்கு அடியில் பீடத்தில் காத்திருந்தன. ஒரு வாய் உள்ளே போனாலும், இனி அவளை யார் கிண்ணத்தைத் தொட விடுவார்கள்?

ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் நடுப்பாதையில் விறுவிறுவென்று நடந்தாள். பாடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

"என்ன ஹல்டா?" என்றார் போதகர் விட்காம், உதடு அசையாமல்.

"தட்டை எடுக்கணும் ஐயா. மோந்து பாருங்க."

துணியின் ஓரத்தைத் தூக்கிக் குனிந்தவருக்குக் காது சிவந்தது. பாடகர்குழு பக்கம் திரும்பி, "எத்தனை சரணம் இருக்கோ அத்தனையும் பாடுங்க. மெதுவா" என்றார்.

சமையலறையில் ஹல்டா கிண்ணங்களைக் கவிழ்த்து அலச, வக்கீல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சாறு ஊற்றினார். தொட்டியில் சிவப்பாக ஓடுவதைப் பார்த்து அவர் முகம் கோணியது.

"பாக்க முடியல ஹல்டாம்மா."

"அழறதுன்னா அப்புறம் அழுங்க சார். இப்பச் சிந்தாம ஊத்துங்க."

கடைசிச் சரணத்தின் கடைசி வரிக்குத் தட்டுகள் பீடம் ஏறின. ஹல்டா அதற்குப் பிறகுதான் ஏப்ரனை அவிழ்த்தாள்.

ஆராதனை முடிந்ததும் பிராட் அம்மாள் அவளை ஓரங்கட்டினாள். "நிரப்பும்போது அவ்வளவு மணமா இருந்துச்சு. குடிச்சா சப்புன்னு இருக்கே ஹல்டா?"

"அப்படியா அம்மா? எனக்கு இதுதான் புடிச்சிருந்துச்சு."

அன்று முதல், ஹல்டா முகர்ந்து பார்க்காமல் எந்த ஜாடியிலிருந்தும் கிண்ணத்தில் ஊற்றப்படவில்லை. அந்த வேலையை வேறு யாரிடமும் அவள் விட்டதில்லை. விட்டிருந்தாலும், அந்தச் சமையலறையில் வேறு யாருக்கு ஒயின் வாசனை தெரியும்?