மஞ்சள் பட்ட கீபோர்டு

வீட்டில் செல்போனில் பாதி, பள்ளியில் பாதி என்று பாடம் படிக்கும் என் மகளுக்குப் பக்கத்தில் நான் உட்கார வேண்டுமா, விலகிப் போக வேண்டுமா? இரண்டாம் வகுப்பே முடியப்போகிறது. எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, குளச்சல் பக்கத்தில் இருந்த எங்கள் பள்ளிக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. ஆளுக்கு வாரத்தில் மூன்று நிமிடம். அது போதாதென்று, கீபோர்டை அட்டையில் வரைந்து வீட்டில் பழகிவரச் சொன்னார் டீச்சர். கண்ணைக் கட்டிக்கொண்டு தன் பெயரைத் தப்பில்லாமல் அடிக்கிற பிள்ளைக்கு ஆண்டுவிழா மேடை. அந்த மேடையில் ஏறாவிட்டால் உயிரே போய்விடும் என்றிருந்தது எனக்கு. மாமா குவைத்திலிருந்து கொண்டுவந்த சட்டைப் பெட்டியைக் கிழித்து வரைந்தேன்.

இரண்டாம் நாளே, பள்ளி விட்டு வந்து பார்த்தால் அட்டையில் மஞ்சள் கறை. மீனுக்கு மசாலா அரைக்கும் கை எங்கள் வீட்டில் ஒன்றுதான்.

"எனக்க அட்டைய நீயாம்மா தொட்ட?"

"நான் என்னத்துக்குட்டி தொடப்போறேன்? ஈ இருந்திருக்கும்."

"மஞ்ச பூசின ஈயா?" என்று அப்பா கேட்க, அம்மா கரண்டியை ஓங்கினாள். தலையணைக்கடியில் ஒளித்து வைத்தேன். அங்கேயும் ஈ வந்துபோனது.

ஆண்டுவிழாவில் என் பெயரைக் கூப்பிட்டதும் கரண்ட் போனது. நான் அழத் தொடங்கினேன். டீச்சர் அசரவில்லை. "அழாத மக்கா, ஒனக்க அட்டைய எடு." கைக்குட்டையால் கண்ணைக் கட்டிவிட்டார். ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டுக் கத்தினேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. பந்தல் அதிரக் கைதட்டினார்கள்.

"அம்மாமார் யாராவது வாறியளா?" என்றார் டீச்சர், வேடிக்கையாக. எல்லோரும் சிரித்தார்கள். கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். அம்மா பாதி எழுந்து நின்றாள். என்னைத் தூக்கிக்கொள்ளத்தான் வருகிறாள் என்று நினைத்து, வேண்டாம் என்று கையாட்டினேன். சேலையைச் சரிசெய்வதுபோல் செய்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். பிறகு எல்லோரையும்விட அதிக நேரம் கைதட்டியது அவள்தான்.

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சாமான்களை ஒதுக்கியபோது அந்த அட்டை கிடைத்தது. சில எழுத்துகளில் மட்டும்தான் மஞ்சள். பாதி என் பெயரில் இல்லாத எழுத்துகள். அவற்றைச் சேர்த்துப் பார்த்தேன். அம்மாவின் பெயர் வந்தது.

அம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். என் மகள் செல்போனும் பாடமுமாக உட்கார்ந்தால், உள்ளி உரிக்கிறேன் என்று முறத்தோடு பக்கத்தில் வந்துவிடுகிறாள். 'நீயும் படிக்கியாம்மா?' என்று கேட்டால் மறுபடியும் ஈயின் மேல்தான் பழி போடுவாள். அவள் கூச்சப்படாதபடி இதை எப்படிக் கேட்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.