வெட்டி வைத்த ஓரங்கள்

கத்தரிக்கோலைப் படத்தின் விளிம்பில் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரே இழுப்பில் தன்னை வெட்டி எடுத்துவிடுவாள் டார்லா ஹெக்லண்ட். ஏரிக்கரையில் கணவன் டேல் எடுத்த படமாக இருக்கும். மிச்சப் படத்தில் சிவப்புச் சட்டை போட்ட ஜூனி நிற்பாள். பின்னால் தண்ணீர், தண்ணீருக்கு மேல் ஒரு பறவை. பக்கத்தில் யாரோ நின்றிருந்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. கை அவ்வளவு சுத்தம்.

அப்படி வெட்டிய படங்கள் வருடத்துக்கு இரண்டு உறைகளில் ஜூனியைப் பெற்ற கெய்லாவுக்குப் போகும். எட்டு வருடத்துக்கு முன், பத்தொன்பது வயதில், கெய்லா தன் பிள்ளையை டார்லாவுக்குத் தத்துக் கொடுத்தாள். வருடத்துக்கு இரண்டு கடிதம், மூன்று தடவை நேரில் வருவது என்று அப்போதே பேசி முடிவானது. கெய்லாவுக்குப் பாலத்துக்கு அந்தப்பக்கம், ஒரு விடுதியின் சலவை அறையில் வேலை.

ஏன் வெட்டுகிறாய் என்று எதிர் வீட்டுக்காரியான நான் ஒருமுறை கேட்டேன். "பெத்துக் கொடுத்துட்டு வெறுங்கையோட உக்காந்திருக்கறவ அவ. நான் இடுப்புல வெச்சுக்கிட்டு நிக்கறதை அனுப்பி அவளைக் குத்தணுமா?" என்றாள். கடிதத்திலும் இதே நியாயம்தான். எத்தனை அங்குலம் வளர்ந்தாள், எந்தப் பல் விழுந்தது, எந்தப் புத்தகம் வாசிக்கிறாள் என்பதெல்லாம் இருக்கும். காய்ச்சலில் மூன்று நாள் ஜூனி இவள் நெஞ்சை விட்டு இறங்காமல் கிடந்தது இருக்காது. 'அம்மா' என்ற சொல்லே அதில் வராது.

வெட்டிய ஓரங்களை மட்டும் அவள் எறிவதில்லை. சர்க்கரைப் பாகு வந்த காலி டப்பா ஒன்றில் போட்டு, மாவு வைக்கும் அலமாரியில் செருகிவிடுவாள். "சில துண்டுல புள்ளையோட விரல் ஒண்ணு ரெண்டு ஒட்டிக்கிட்டு வந்துடுது. அதை எப்படிக் குப்பையில போடறது?"

பலசரக்குக் கடையொன்றின் கேக் பகுதியில் அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. டுலூத் நகரில் பாதிப் பிள்ளைகளின் பெயரை அவள் கிரீமில் எழுதியிருக்கிறாள். வலது கட்டைவிரல் கிரீம் பிழியும் பையை அழுத்தி அழுத்திச் சற்றே வளைந்துவிட்டது. வாடிக்கையாளர் அவசரப்படுத்தினால், "வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற பேரு. கொஞ்சம் நில்லுங்க" என்பாள்.

அப்படிப்பட்டவள் சொந்த மகளின் பிறந்தநாளுக்குக் கேக் செய்வதில்லை. அந்த நாள் கெய்லாவுடையது. கடையில் அட்டைப்பெட்டியில் விற்கும் கேக் மாவில் தானே சுட்டு, ஒரு பக்கம் அமுங்கிப்போன கேக்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவாள் கெய்லா. அவள் வந்ததும் டார்லா சமையலறைக்குள் போய்விடுவாள். உருளைக்கிழங்கு அடுக்கிய இறைச்சிப் பாத்திரத்தை அடுப்பில் தள்ளுவாள், தேவையில்லாமல் கார் கொட்டகையைக் கூட்டுவாள். ஜூனி ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டால், "போ போ, கெய்லா காத்துக்கிட்டிருக்கா பாரு" என்று முதுகில் லேசாகத் தள்ளிவிடுவாள். தன் கேக்கை மூன்று நாள் கழித்து, குழந்தை வீட்டுக்கு வந்த தேதியில் செய்வாள். அது மூன்று அடுக்கு.

கூட வேலை செய்யும் பாட்டி இதைக் கிண்டல் செய்யாமல் விடமாட்டாள். வயதால் பாட்டி அல்ல, பெயரே பாட்டிதான். பிறந்தநாள் பெற்றவளுக்கு, மிச்ச நாள்தானே உனக்கு என்பாள். டார்லா கையை நிறுத்தாமல் பதில் சொல்வாள்: "மிச்சம் முந்நூத்து அறுபத்து நாலு இருக்கே. எனக்கு என்னடி குறைச்சல்?"

இந்த ஏப்ரலில் ஜூனிக்கு எட்டு முடிந்தது. ஏரியில் பனிக்கட்டி இன்னும் உடையாத சனிக்கிழமை. காலையிலிருந்து செருப்பைக் கழற்றாமல் ஜன்னலோரம் நின்றாள் பிள்ளை. இரண்டு மணி பஸ் வந்து போனது. நான்கு மணி பஸ்ஸும் போனது. கெய்லா வரவில்லை. வீட்டில் கேக்கும் இல்லை. டேல் காரை எடுத்துக்கொண்டு போய், மனைவியின் கடையிலேயே, வேறு யாரோ கையால் ஜூனி பெயர் எழுதிய கேக்கை வாங்கிவந்தான். ஜூனி ஒரு வாய் தின்றுவிட்டு, "கெய்லாவுக்கு ஒரு துண்டு எடுத்து வைம்மா" என்றாள்.

நான்கு நாள் கழித்து, தத்துக்கு ஏற்பாடு செய்து கொடுத்த அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. கெய்லா இனி வர விரும்பவில்லை, காரணம் சொல்லவில்லை. அதன்பிறகு சனிக்கிழமைகளில் ஜூனி வீட்டுக்குள்ளும் செருப்போடு நடக்க ஆரம்பித்தாள். மூன்றாவது சனிக்கிழமை டார்லா பாலத்தைத் தாண்டிப் போனாள்.

நடந்ததை மறுநாள் என்னிடம் சொன்னாள். சலவை அறைக்குப் பின்னால் கெய்லாவின் சின்ன அறை. பதினாறு உறைகளும் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டியில், கசங்காமல் இருந்தன. கெய்லா படங்களை எடுத்துப் போர்வைமேல் வரிசையாக வைத்தாள்.

"எல்லாத்துலயும் தனியாவே நிக்கறா பாருங்க. யாராவது அவளைத் தூக்குவீங்களா? நான் வரும்போதெல்லாம் ஜன்னல்ல நின்னு எனக்காகவே காத்துக்கிட்டிருக்கா. உங்க கிட்ட ஓடிவந்தா நீங்க தள்ளி விடறீங்க. நான் பாத்திருக்கேன். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் திரும்ப ஒருக்கா அவளை அநாதையா விட்டுட்டுப் போற மாதிரி இருக்கு. என்னால முடியல."

டார்லா போர்வைமேல் இருந்த படங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

"உங்க மேல கோவம் இல்லைங்க. தத்துக் கொடுக்கறப்ப அந்த ஆபீசுல இருபது குடும்பத்தோட ஆல்பம் காட்டினாங்க. உங்களுதுல, உங்க தங்கச்சி புள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிச்சீங்க. மத்ததெல்லாம் மூடிட்டேன். அந்தப் பொம்பளைக்குத்தான் கொடுத்தேன். அவ எங்க போனா?"

இதையெல்லாம் என் வீட்டுப் படியில் உட்கார்ந்து சொல்லி முடித்தாள் டார்லா. "இருக்கேன்னு சொல்லியிருக்கலாம்ல. வாய் வரலை. வெறுமனே படத்தையெல்லாம் அடுக்கிக் கொடுத்துட்டு வந்துட்டேன்." கெய்லா வாசல்வரை வந்து வழியனுப்பினாளாம். ஜூலையில் வருவாயா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டி மறுத்தாளாம்.

அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டுச் சமையலறை மேசையில் பாகு டப்பா திறந்து கிடந்தது. ஒவ்வொரு துண்டையும் எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, பின்பக்கம் மாதமும் வருடமும் எழுதினாள், கேக்கில் எழுதும் அதே கவனத்தோடு. ஒன்றில் ஒரு தோள் மட்டும். ஒன்றில் பாதிச் சிரிப்பு. இன்னொன்றில் அவள் கழுத்தைச் சுற்றி, மணிக்கட்டோடு வெட்டுப்பட்ட ஒரு குட்டிக் கை. எந்தத் துண்டு எந்தப் படத்தோடு சேரும் என்று ஒரு தாளில் குறித்தாள். கடிதம் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துப்போட்டாள். கடைசியில் கடிதம் வைக்கவில்லை.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை காலை, துண்டுகளும் அந்தத் தாளும் மட்டும் போட்டு, கெய்லாவின் பெயர் எழுதிய தடித்த உறையை வாசல் தபால்பெட்டிக்குள் வைத்து, எடுத்துப்போக உள்ளே தபால் இருக்கிறது என்று தபால்காரருக்குக் காட்டும் சிவப்புத் தகட்டைத் தூக்கிவிட்டாள். அது இறுக்கமான தகடு, காற்றுக்குக்கூட விழாது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று டேல் காரில் ஒலியெழுப்பினான். தெருமுனையில் தபால் வண்டி திரும்பும்வரை, விட்டால் விழுந்துவிடும்போல, அந்த வளைந்த கட்டைவிரலால் தகட்டைத் தாங்கிப் பிடித்தபடி அவள் நின்றிருந்தாள்.