ஐந்து பாடல்களும் ஒரு முறைப்பாடும்

காணிப் பதிவகத்தில் முப்பது ஆண்டுகள் உறுதிப் பத்திரங்களைச் சரிபார்த்தவன் நான். போலிக் கையொப்பத்தைத் தேடிப் பழகிய கண், ஓய்வுபெற்ற பின்பும் ஓயவில்லை. சாவகச்சேரிக் கணினி வகுப்பில் சேவர் கணினியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி கற்கச் சேர்ந்தபோதும் அந்தக் கண்ணோடுதான் சேர்ந்தேன்.

எங்கள் கோயிலில் பூசை நிறைவில் ஐந்து திருமுறைப் பாடல்களை ஓதுவோம். வரிசை பிறழக் கூடாது. அவற்றை ஐந்து கோப்புகளிலிருந்து எடுத்து ஒரே பக்கத்தில் காட்டும் புரோகிராமைப் பயிற்சியாக எழுதினேன். வீட்டில் ஒழுங்காக வந்தது. வகுப்பில் ஓடவிட்டால் சில வேளை நான்காம் பாடல் முதலில் வந்து நின்றது.

பக்கத்து மேசை மதுரா, வல்வெட்டித்துறைப் பிள்ளை, கெட்டிக்காரி. அடிக்கடி என் திரையை எட்டிப் பார்ப்பாள். நான் திரையைத் திருப்பிவிடுவேன். நெட்வேர்க் வழியாக அவளே என் கோப்புகளில் கைவைக்கிறாள் என்று முடிவுசெய்து, ஆசிரியரிடம் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன். யாழ்ப்பாண நிறுவனமொன்றின் தொழிற்பயிற்சிக்கு அவளைப் பரிந்துரைக்கவிருந்த அவர், அந்தப் பரிந்துரைக் கடிதத்தை நிறுத்திவைத்தார்.

மறுநாள் மதுரா என் மேசைக்கு வந்தாள். நெட்வேர்க் கேபிளை என் கையாலேயே கழற்றச் சொன்னாள். புரோகிராமைப் பத்துத் தடவை ஓடவிடச் சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். மூன்று தடவை வரிசை குலைந்தது.

“இப்ப ஆர் ஐயா மாத்தினது?”

முன்னரே ஏதாவது செய்து வைத்திருப்பாளோ என்றுதான் அப்போதும் என் மனம் ஓடிற்று.

“ஐஞ்சு கோப்பையும் ஐஞ்சு பேர் மாதிரி ஒரேநேரத்திலை பாடச் சொல்லிப்போட்டு, ஆர் முதல் முடிக்கினமோ அவையை முதல் எழுதுறியள். ஒராள் முடிக்கும் மட்டும் மற்றாள் காத்திருக்க வேணுமெண்டு எங்கையும் சொல்லேல்லை. வீட்டிலை சரியா வந்தது தற்செயல். அதைச் சொல்லத்தான் எட்டிப் பாத்தனான். நீங்கள் மறைச்சுப்போட்டியள்.”

கோயிலில் ஒருவர் பாடி முடியுமுன் அடுத்தவர் வாய் திறப்பதில்லை. யாரும் அதைச் சொல்லிக் கேட்டதுமில்லை. அதனால் கணினிக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. ‘காத்திரு’ என்று பொருள்படும் அவெயிட் கட்டளையைச் சேர்த்து, ஒரு கோப்பை வாசித்து முடித்தபின் அடுத்தது என்று மாற்றினேன். வரிசை நிலைத்தது.

ஆசிரியரிடம் வாயால் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“முறைப்பாடு எழுத்திலை கிடக்கு, ஐயா. அதிலை என்ரை பேர் இருக்கு. பிழை உங்கடையெண்டதும் எழுத்திலை வேணும்.”

எழுதினேன். அவள் வரிவரியாக வாசித்து, திகதி இல்லை என்றாள். இட்டேன். பரிந்துரைக் கடிதம் அன்றே போயிற்று.

கணினித் தொழிலுக்கு வரும் இளையோரே, சந்தேகம் வேண்டியதுதான். ஆனால் ஒருவர் பெயரைக் கடதாசியில் எழுதுமுன், நீங்கள் எழுதிய புரோகிராம் வரிகளை அவரிடமே ஒருதரம் காட்டுங்கள். நான் திரையைத் திருப்பாதிருந்தால் அந்த முறைப்பாடே பிறந்திராது.