நாற்பதாவது பெயர்

அந்த மையத்தில் எல்லோருக்கும் அவள் டீச்சரக்காதான். சிறுவர் நீதிமன்றத்தில் பன்னிரண்டு வருஷம் தட்டச்சு செய்தவள். அவள் அடித்துக் கொடுத்த ஆணையோடு சீர்திருத்த இல்லத்துக்குப் போன பிள்ளைகள், திரும்பி வரும்போது பெற்ற தாயையே யாரோ என்பதுபோல் பார்த்ததைக் கண்டு மனசு விட்டுப்போனது. அங்கே போகுமுன்பே பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தும் இந்த வேலைக்கு வந்துவிட்டாள். கிடங்குக்கு மேலே இரண்டு அறை, ஒரு கேரம் பலகை, நாலு தையல் மிஷின், ஒரு தச்சு மேஜை. பள்ளி விட்டு வருகிறவர்களிடம் என்ன தப்பு செய்தாய் என்று அவள் கேட்டதே கிடையாது. "சாப்பிட்டியா?" அவ்வளவுதான்.

அரசாங்கப் பணத்துக்கு ஒரு கறார் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தடம் மாறக்கூடிய பிள்ளைகள் என்று நாற்பது பெயர், ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு போக வேண்டும். ஒன்று குறைந்தாலும் மொத்தமும் நின்றுவிடும். ஒரு தடவை, பட்டியல் அனுப்ப வேண்டிய கடைசி நாளில், ஒரு பையன் குடும்பத்தோடு ஊர் மாறிப் போயிருந்தான்.

"உங்க புள்ள பேரைப் போடுங்கக்கா. தினமும் இங்கதானே உக்காந்து கணக்குப் பாடம் எழுதறான்," என்றார் தச்சு வாத்தியார்.

"அவனா? பேனா மூடி தொலைஞ்சாலே ரெண்டு நாள் சாப்பிட மாட்டான்."

"அப்ப கெட்டுப்போக இன்னும் நெறைய பாக்கி இருக்கில்ல?"

சிரித்துக்கொண்டேதான் எழுதினாள். பள்ளிக்கு ஒழுங்காகப் போவதில்லை, சேர்க்கை சரியில்லை, கேட்டால் முறைக்கிறான். மகனுக்கு அப்போது பதினாலு வயசு. பணம் வந்துவிட்டது.

மறு வருஷம், பட்டியலின் நகல் காவல் நிலையத்துக்கும் போகும் என்று சுற்றறிக்கை வந்தது. படித்தாள், கோப்பில் வைத்தாள். அன்றிலிருந்து மகன் வர ஐந்து நிமிஷம் தாமதமானாலும் படியிறங்கித் தெருவில் போய் நின்றாள். பெயரை எடுத்தால், ஏன் போட்டாய் என்பார்கள். மையத்தையே இழுத்து மூடுவார்கள். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தாள்.

பின்தெருவில் ஒரு செல்போன் கடையின் பூட்டை உடைத்தார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் மிஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. மகனையும் இன்னும் மூன்று பையன்களையும் காணவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் கையில் பட்டியலோடு மாடியேறி வந்து, அவளையே உட்காரச் சொன்னார்.

"இதுலேர்ந்து நாலு பேரை மத்தியானம் ஸ்கூல்லேயே கூட்டிட்டுப் போயிட்டோம். கடைசிப் பையன் உங்க மகன்னு இப்பத்தாம்மா தெரிஞ்சுது."

அவள் எழுந்துவிட்டாள். "சார், அது பொய். எண்ணிக்கைக்காக நான் எழுதினது."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "எல்லா அம்மாவும் இதத்தான் சொல்றாங்க. சரி, அது பொய்னா, மத்த முப்பத்தொம்பதும்?"

மிஷின்கள் நின்றன. அப்படியொரு பட்டியல் இருப்பதே பிள்ளைகளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு பெண், "எங்க பேருமா அக்கா?" என்றாள், மெல்ல.

தச்சு வாத்தியார் மரத்தூளைப் பார்த்தபடி நின்றார்.

"பேப்பர் குடுங்க சார். நான் எழுதினது பொய்னு எழுதிக் குடுத்துடறேன்."

"குடுங்க. ஆனா திருட்டை ஒத்துக்கிட்டதா உங்க பையன்கிட்ட கையெழுத்து வாங்கியாச்சும்மா."

அவள் முதல் வரியை முடிப்பதற்குள், பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கத் தொடங்கியிருந்தார்கள்.